சிக்கனமாகப் பந்து போட்ட மால்கம் மார்ஷல்



இந்த மாத சுவர்ப் பத்திரிகைக்கு ஆளுக்கு ஒரு புகழ் பெற்றவரோட வாழ்க்கை வரலாறு எழுதித் தரணும்னு தமிழ் ஐயா சொன்னார். காமராசர், கல்பனா சாவ்லா, அப்துல் கலாம் எல்லாரையும் மற்றவங்க எடுத்துக்கிட்டாங்க. நான் எடுத்துக்கொண்டவர் ஒரு கிரிக்கெட் வீரர். அவர் பெயர் மால்கம் மார்ஷல். வெஸ்ட் இண்டீஸ் அணியின் வேகப்பந்து வீச்சாளர். பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு கிரிக்கெட் என்று யாரும் சிரிக்க வேண்டாம். நம்ம பள்ளியில் மேட்ச் நடந்தால் ஸ்கோர் நோட்டு எழுதுவது நான்தான்.

2024 ஜூன் 29 சனிக்கிழமை ராத்திரி எங்க தெருவே தூங்கவில்லை. இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதிப் போட்டி. தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்தில் 30 ரன் போதும். எங்க மாமா டி.வி.யை அணைக்கவே போய்விட்டார். அப்போ பும்ரா வந்தார். ஒரு ஓவரில் 4 ரன், அடுத்து அவர் போட்ட ஓவரில் 2 ரன்தான் கொடுத்தார். 7 ரன் வித்தியாசத்தில் நம்ம இந்தியா ஜெயித்தது. அந்த மைதானம் பார்படாஸ் தீவில் பிரிட்ஜ்டவுன் ஊரில் இருக்கிறது. அங்கே பந்து போடுகிற ஒரு முனைக்கு மால்கம் மார்ஷல் முனை என்று பெயர். யார் அவர் என்று மாமாவிடம் கேட்டேன். அன்றிலிருந்து அவரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன்.

மார்ஷல் 1958 ஏப்ரல் 18-ல் அதே பிரிட்ஜ்டவுனில் பிறந்தார். அப்பா போலீஸ்காரர். மார்ஷலுக்கு ஒரு வயது இருக்கும்போதே அப்பா சாலை விபத்தில் இறந்துவிட்டார். தாத்தாதான் அவருக்குக் கிரிக்கெட் சொல்லிக் கொடுத்தார். 1978 பிப்ரவரியில் பார்படாஸ் அணிக்காக முதல் தடவையாக ஒரு ஒருநாள் போட்டி ஆடினார். அதில் ஒரு ரன்னும் எடுக்கவில்லை, ஒரு விக்கெட்டும் விழவில்லை. முதல் மேட்ச் சொதப்பியது என்று அழுகிறவங்க இதைக் குறித்துக் கொள்ளுங்கள். ஏனென்றால் அதே வருடம் டிசம்பரில் அவர் பெங்களூரில் நம்ம இந்தியாவுக்கு எதிராக டெஸ்ட் ஆடினார்! இந்தியாவுக்குப் போகிற அணியில் தன் பெயர் இருக்கிறது என்பதை வேலை செய்த கிடங்கில் ரேடியோவில்தான் கேட்டாராம். இந்தியா எங்கே இருக்கிறது என்றுகூட அப்போ அவருக்குத் தெரியாதாம்.

வெஸ்ட் இண்டீஸ் வேகப்பந்து வீச்சாளர்கள் எல்லாம் பனைமரம் மாதிரி இருப்பார்கள். ஜோயல் கார்னர் 6 அடி 8 அங்குலம். மார்ஷல் 6 அடிகூட இல்லை, 5 அடி 11 அங்குலம்தான். ஆனால் அவர் பந்து தரையில் பட்டு வழுக்கிக்கொண்டு வரும். இரண்டு பக்கமும் ஸ்விங் ஆகும். ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லியிடம் லெக் கட்டர் என்ற பந்தையும் கற்றுக்கொண்டார். லில்லி எதிரணிக்காரர். தெரியாததை யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம் என்பது இதில் எனக்குப் பிடித்த விஷயம். பிரேயரில் முதல் ஆளாக நிற்கிற குள்ளப் பிள்ளை நான். அதனால் உயரம் விஷயமும் ரொம்பப் பிடித்தது!

இப்போ எக்கானமி என்றால் என்ன என்று சொல்கிறேன். ஒருவர் கொடுத்த ரன்னை அவர் போட்ட ஓவரால் வகுத்தால் வருவதுதான் எக்கானமி. ஓர் ஓவருக்குச் சராசரியாக எத்தனை ரன் கொடுத்தார் என்று அர்த்தம். இதில் ஒரு பொறி இருக்கிறது. 9.4 ஓவர் என்று போட்டிருந்தால் அப்படியே 9.4-ஆல் வகுக்கக் கூடாது. அது 9 ஓவரும் 4 பந்தும். ஓவருக்கு 6 பந்து. அதனால் 9.67-ஆல் வகுக்க வேண்டும். நான் முதலில் தப்பாகத்தான் போட்டேன். கணக்கு டீச்சர் திருத்தினார்.

இந்தக் கணக்கை 1983 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் போட்டுப் பார்த்தேன். நம்ம கபில்தேவ் கோப்பையைத் தூக்கிய அதே மேட்ச். அப்போ ஓர் அணிக்கு 60 ஓவர், ஒருவர் 12 ஓவர் போடலாம். இந்தியா 183 ரன்னில் ஆல் அவுட்.

கார்னர்: 12 ஓவர், 24 ரன், எக்கானமி 2.00
மார்ஷல்: 11 ஓவர், 24 ரன், எக்கானமி 2.18
ஹோல்டிங்: 9.4 ஓவர், 26 ரன், எக்கானமி 2.69
ராபர்ட்ஸ்: 10 ஓவர், 32 ரன், எக்கானமி 3.20
கோம்ஸ்: 11 ஓவர், 49 ரன், எக்கானமி 4.45

மார்ஷலுக்கு 2 விக்கெட்டும் கிடைத்தது. பிறகு வெஸ்ட் இண்டீஸ் 76 ரன்னுக்கு 6 விக்கெட் இழந்து தவித்தபோது, மார்ஷலும் டூஜானும் சேர்ந்து 43 ரன் எடுத்தார்கள். மார்ஷல் 18 ரன்னில் மொகிந்தர் அமர்நாத் பந்தில் கவாஸ்கரிடம் கேட்ச் கொடுத்தார். 140-ல் எல்லாம் முடிந்தது. நமக்குத் தீபாவளி. ஆனால் தன் வேலையில் ஒரு குறையும் வைக்காத மார்ஷல் தோற்றுப்போய் வீட்டுக்குப் போனார். இந்த இடத்தில் எனக்கு இந்தியா ஜெயித்த சந்தோஷமும் இருந்தது, அவரை நினைத்து வருத்தமாகவும் இருந்தது.

அவர் மூலையில் உட்காரவில்லை. அதே வருடக் கடைசியில் இந்தியாவுக்கு வந்து 6 டெஸ்டில் 33 விக்கெட் எடுத்தார். நம்ம சென்னை சேப்பாக்கத்தில் நடந்த கடைசி டெஸ்டில் இந்தியா ஒரு ரன்கூட எடுக்காதபோதே 2 விக்கெட் காலி. இரண்டையும் எடுத்தவர் மார்ஷல். அதன்பிறகு கவாஸ்கர் வந்து ஆட்டமிழக்காமல் 236 அடித்தது தனிக்கதை.

1984-ல் இங்கிலாந்தில் லீட்ஸ் டெஸ்டில் பீல்டிங் செய்யும்போது அவருடைய இடது கட்டைவிரல் உடைந்தது. இனி ஆடமாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 9 விக்கெட் விழுந்த பிறகு கட்டுப் போட்ட கையோடு மட்டையைப் பிடித்து வந்தார். ஒரே கையால் ஆடினார். 96-ல் நின்ற கோம்ஸ் சதம் அடிக்க வேண்டும் என்பதற்காக! கோம்ஸ் சதம் அடித்தார். பிறகு அந்தக் கட்டோடு பந்து போட்டு 53 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தார் மார்ஷல். இதைப் படித்த அன்று காய்ச்சல் என்று பொய் சொல்லி லீவு எடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். (இதுவரை காப்பாற்றுகிறேன்.)

மொத்தம் 81 டெஸ்டில் 376 விக்கெட். 136 ஒருநாள் போட்டியில் 157 விக்கெட். ஒருநாள் எக்கானமி 3.53. அதாவது 10 ஓவர் போட்டால் 35 ரன்தான் கொடுப்பார். இப்போ இருபது ஓவர் ஆட்டத்தில் ஓவருக்கு 7 ரன் கொடுத்தாலே நல்ல பௌலிங். அப்போ மட்டைக்காரர்கள் இவ்வளவு அடிக்கமாட்டார்கள் என்பதால் இரண்டையும் நேராக ஒப்பிடக் கூடாது. ஆனால் தத்துவம் ஒன்றுதான். ரன் வராவிட்டால் மட்டைக்காரருக்குப் பதட்டம் வரும். பதட்டத்தில் அடுத்த முனையில் போடுகிறவரைத் தூக்கி அடித்து அவுட் ஆவார். விக்கெட் அவர் கணக்கில் சேரும். ரன்னைக் கட்டிப்போட்டவர் பெயர் வெளியே வராது.

ஓய்வு பெறுகிற வயதில் மார்ஷல் தென்னாப்பிரிக்காவில் நேட்டால் அணிக்கு ஆடினார். அங்கே ஷான் பொல்லாக் என்ற இளம் வீரருக்குத் தனக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்லிக் கொடுத்தார். பொல்லாக் பிறகு 303 ஒருநாள் போட்டியில் 393 விக்கெட் எடுத்தார். அவர் எக்கானமி 3.67. குரு மாதிரியே சிஷ்யர்!

1996-ல் மார்ஷல் வெஸ்ட் இண்டீஸ் அணியின் பயிற்சியாளர் ஆனார். 1999 உலகக் கோப்பை நேரத்தில் அவருக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். ஆபரேஷன் செய்தும் பலன் இல்லை. 1999 நவம்பர் 4-ல் பிறந்த ஊரிலேயே இறந்தார். வயது 41தான். எங்க அப்பாவைவிடச் சின்ன வயது.

கடைசியாக ஒரு விஷயம். போன மாதம் எட்டாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் மேட்ச் நடந்தது. எட்டாம் வகுப்புத் தம்பி ஒருவன் 3 ஓவரில் 7 ரன்தான் கொடுத்தான், எக்கானமி 2.33. விக்கெட் இல்லை. இன்னொருவன் 3 ஓவரில் 27 ரன் கொடுத்து 2 விக்கெட் எடுத்தான், எக்கானமி 9.00. எட்டாம் வகுப்பு 4 ரன்னில் ஜெயித்தது. பிரேயரில் கைதட்டு வாங்கியது 2 விக்கெட் எடுத்தவன் மட்டும். ஸ்கோர் நோட்டில் அந்தத் தம்பியின் 7 ரன்னுக்குக் கீழே சிவப்புப் பேனாவால் கோடு போட்டு வைத்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

அதனால் பி.இ.டி. சாருக்கு இரண்டு வேண்டுகோள். ஆண்டு விளையாட்டு விழாவில் குறைந்த எக்கானமிக்கும் ஒரு பரிசு வையுங்கள் சார். ஒரு பேனா கொடுத்தால்கூடப் போதும். இரண்டாவது, நான் லீவு நாளில் களத்துமேட்டில் அண்ணன்களோடு பந்து போடுகிறேன். ஸ்கோர் நோட்டைக் கொஞ்ச நேரம் வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு எனக்கும் ஒரே ஒரு ஓவர் தாருங்கள். எத்தனை ரன் போனாலும் அதை மறைக்காமல் நானே நோட்டில் எழுதுகிறேன்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி