நுரைக்குப் பின்னே ஒரு பெண்மணி

தாமிரத் தாதுவை அடர்ப்பிக்கும் முறை யாது என்று கேட்டால், வேதியியல் மாணவர் எவரும் நுரை மிதப்பு முறை என்று உடனே விடை கூறுவர். தேர்வில் படம் வரைந்து மதிப்பெண்ணும் பெறுவர். ஆனால் அம்முறையின் தொடக்க வரலாற்றில் ஒரு பெண்மணியின் உழைப்பும் உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவரே கேரி எவர்சன் அம்மையார்.

அம்மையார் 1842-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தார். 1864-இல் வில்லியம் எவர்சன் என்ற மருத்துவரை மணந்து சிகாகோ நகரில் வாழ்ந்தார். கணவர் சுரங்கத் தொழிலில் பணத்தை முடக்கி இழப்புக்கு ஆளானார். அம்மையாரோ கனிமங்களைப் பற்றிக் கற்கத் தொடங்கினார்.

அன்றைய ஆலைகளில் தாதுவை இடித்து ஓடும் நீரில் கழுவினர். கனமான தாது தங்கும். இலேசான மண் நீரோடு போகும். ஆனால் மாவுபோல் நுண்ணிய தாதுத் துகள் தங்குவதில்லை. அதுவும் சேறோடு சேறாக ஓடிவிடும். தாமிரத் தாதுவோ எளிதில் நொறுங்கக் கூடியது. அரைத்தால்தான் கல்லிலிருந்து பிரியும். அரைத்தாலோ நீரில் போய்விடும். இந்தச் சிக்கலுக்கு என்ன வழி?

எடையை நம்பாமல், பொருளின் இயல்பை நம்பினார் அம்மையார். சல்பைடு தாது எண்ணெயைப் பற்றிக்கொள்ளும். மணல் நீரை விரும்பும். அமிலம் சேர்ந்தால் இவ்வேறுபாடு கூர்மையாகும். இதனை விளக்கி அவர் பெற்ற காப்புரிமை 1886 ஆகஸ்ட் 24-ஆம் நாள் வெளிவந்தது. எண்ணெயின் இவ்வியல்பை 1860-லேயே இங்கிலாந்தின் ஹெய்ன்ஸ் என்பவர் கூறியிருந்தார். எனினும் அமிலத்தின் பயனைத் தெளிவாக எடுத்துரைத்தது அம்மையாரின் சிறப்பு.

பள்ளி ஆசிரியையான அவர் எண்ணெய்க் கறை படிந்த தாதுச் சாக்குகளைத் துவைத்தபோது தற்செயலாக இதைக் கண்டார் என்றொரு கதை பின்னாளில் பரவியது. அது வெறும் கதையே. ஆண்டுக்கணக்கான ஆராய்ச்சியை ஒரு நாள் அதிர்ஷ்டமாக்கிவிட்டது அது!

1889-இல் கணவர் காலமானார். அம்மையார் டென்வர் நகரில் செவிலியராகப் பணிபுரிந்து வாழ்க்கை நடத்தினார். ஹெப்ரான் என்பவரோடு சேர்ந்து 1892-இல் மற்றொரு காப்புரிமையும் பெற்றார். ஆயினும் சுரங்க முதலாளிகள் கைகொடுக்கவில்லை. முதல் காப்புரிமையின் பதினேழாண்டுக் காலம் 1903-இல் முடிந்தது. இரண்டே ஆண்டுகளில் லண்டன் நகரின் சல்மன், பிக்கார்டு, பாலட் ஆகியோர், மிகக் குறைந்த எண்ணெயும் காற்றுக் குமிழிகளும் கொண்டு முறையைச் செம்மைப்படுத்தினர். நுரை மிதப்பு முறை தொழிலாக வளர்ந்தது.

1914-இல் அம்மையார் கலிபோர்னியாவில் மறைந்தார். மறு ஆண்டே அரிசோனாவின் இன்ஸ்பிரேஷன் தாமிரச் சுரங்கத்தில் மிகப் பெரிய மிதப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. அதன் பயனைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை! காப்புரிமை வழக்குகள் மூண்டபோதுதான் பழைய ஏடுகளைப் புரட்டி அவர் பெயரைத் தேடினர்.

அவர் எதிர்கொண்ட சிக்கல் இன்றும் முற்றுப்பெறவில்லை. ஏறத்தாழ 10 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் குமிழியை முட்டுவதே அரிது; குமிழியைச் சுற்றி வழியும் நீரோடு அவை நழுவிவிடுகின்றன. குமிழியைச் சிறிதாக்கினால் துகளைப் பிடிக்கும் வாய்ப்புக் கூடும். கலவையை வேகமாகக் கலக்கினால் மோதல்கள் பெருகும். சிறிது எண்ணெய் சேர்த்துத் துகள்களைத் திரளாக்கினால், பெரிய துகள்போல் எளிதில் ஏறும். இம்மூன்றாம் வழியில் அம்மையாரின் எண்ணெய் மீண்டும் துணைக்கு வருகிறது அல்லவா?

பட்டமும் பதவியும் இல்லாத ஒருவர், நீரில் வீணாய்ப் போனதை ஏன் என்று கேட்டார். செல்வமும் புகழும் அவரைச் சேரவில்லை. அவர் கேட்ட கேள்வி வாழ்கிறது. இனி நுரை மிதப்புக் கலத்தின் படத்தை வரையும்போது, அப்பெண்மணியையும் ஒரு கணம் நினைப்போமாக!