ஸ்பேனர் பிடித்த மேதை ஜி.டி.நாயுடு



கோயம்புத்தூர் என்றால் பலருக்குப் பஞ்சாலை ஞாபகம் வரும். சிலருக்குப் பம்புசெட் ஞாபகம் வரும். ஆட்டோமொபைல் படிக்கிற நமக்கோ முதலில் ஞாபகம் வர வேண்டியவர் ஜி.டி.நாயுடு அவர்கள்.

1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் தேதி, கோவைக்கு அருகே கலங்கல் கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்து வரவில்லை. ஆரம்பப் படிப்போடு சரி! தோட்ட வேலை பார்த்துக்கொண்டிருந்த வாலிபர் ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவருடைய மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, வண்டி மட்டும் ஓடுகிறதே! அது எப்படி என்று தெரியாமல் அவருக்குத் தூக்கமில்லை. கோவைக்குப் போனார். ஓட்டலில் சர்வர் வேலை பார்த்துக் காசு சேர்த்தார். ரட்ஜ் மோட்டார் சைக்கிளைச் சொந்தமாகவே வாங்கிவிட்டார். வாங்கியவர் ஊர் சுற்றப் போகவில்லை. நட்டு நட்டாகக் கழற்றிப் போட்டார், மறுபடியும் மாட்டினார். அதுதான் அவருக்கு லேப், அதுதான் அவருக்கு தியரி.

1920இல் ஒரு பஸ் வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். சுமார் 60 கிலோமீட்டர் ரோடு. அந்தக் காலத்தில் வழியில் ஒர்க்‌ஷாப் ஏது? வண்டி நின்றால் ஓட்டுகிறவர்தான் மெக்கானிக்.

நண்பர்களே, இதன் கஷ்டம் கிளட்ச் லிங்கேஜ் செட் பண்ணிப் பார்த்தவர்களுக்குத்தான் புரியும். பெடலை மிதித்தால் ராடோ கேபிளோ ஃபோர்க்கைத் தள்ளும். ஃபோர்க் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும். பேரிங் பிரஷர் பிளேட்டின் விரல்களை அமுக்கினால் கிளட்ச் பிளேட் விடுபடும். பேரிங் அந்த விரல்களைத் தொடுவதற்கு முன்னால் பெடல் சும்மா இறங்குகிற தூரம்தான் ஃப்ரீ ப்ளே. சிறிய கார்களில் பெரும்பாலும் 15 முதல் 25 மில்லிமீட்டர்வரை இருக்கும். பிளேட் தேயத் தேய இந்த இடைவெளி குறையும். அதைக் கவனிக்காமல் விட்டால் பேரிங் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். கிளட்ச் ஸ்லிப் ஆகும், பிளேட் கருகும். அதற்காக அதிகமாக லூஸ் வைத்தாலோ கிளட்ச் முழுசாக விடாது, கியர் கரகரவென்று கத்தும். லாக் நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்டிங் நட்டை அரைச்சுற்று திருப்பி, அளந்து பார்த்து, மறுபடியும் இறுக்க வேண்டும். அரைச்சுற்றில் இருக்கிறது வண்டியின் உயிர்! பின்னாளில் பல கார்களில் ராடு போய்க் கேபிள் வந்தது. ஹைட்ராலிக் வந்தபிறகு அடிக்கடி அட்ஜஸ்ட் பண்ணுகிற வேலையும் குறைந்தது. மின்சாரக் காரில் கிளட்ச் பெடலே கிடையாது. ஆனால் எது வந்தாலும் கழற்றிப் பார்க்கத் துணிகிற கை வேண்டும். நாயுடுவிடம் இருந்தது அந்தக் கை.

ஒரே பஸ்ஸில் தொடங்கிய தொழில் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. அவர் பஸ்ஸோடு நிற்கவுமில்லை. மின்சார ஷேவிங் ரேசர், மெல்லிய பிளேடு, பழரசம் பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி என்று அடுக்கிக்கொண்டே போகலாம். 1937இல் இந்தியாவின் முதல் மின்மோட்டார்கள் கோவையில் உருவானபோது அந்த முயற்சியிலும் அவர் பங்கு இருந்தது.

இவ்வளவு சாதித்தவர் தமக்குக் கிடைக்காத படிப்பை அடுத்தவர்களுக்குக் கொடுக்க நினைத்தாரே, அதுதான் பெரிது. 1945இல் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் உருவாக முன்னின்றார். அந்தக் கல்லூரிதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. கல்லூரி வாசலையே மிதிக்காதவர் அங்கே பிரின்சிபாலாகவும் இருந்தார்! நான்கு வருஷப் படிப்பு வீண், இரண்டு வருஷமே போதும் என்று வாதாடினார். அரசாங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. பதவியை விட்டு விலகினார். 1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் தேதி மறைந்தார்.

அவர் சொன்னது சரியா? எங்கள் வீட்டில் முதன்முதலில் படிக்க வந்தவன் நான். அப்பா தாம்பரத்தில் வேன் ஓட்டுகிறார். ஃப்ரீ ப்ளே என்ற வார்த்தை அவருக்குத் தெரியாது. பெடலில் காலை வைத்ததுமே கொஞ்சம் லூஸா இருக்குடா என்பார். ஸ்கேல் வைத்து அளந்தால் அவர் சொன்னது சரியாகவே இருக்கும். ஆனால் ஏன் லூஸ் ஆகிறது, எத்தனை மில்லிமீட்டர் வேண்டும் என்பதை நான்தான் அவருக்குச் சொல்கிறேன். கைக்குத் தெரிந்ததும் புத்தகத்துக்குத் தெரிந்ததும் ஒன்றுசேர நமக்கு மூன்று வருஷம் கொடுத்திருக்கிறார்கள். நாயுடு வெறுத்தது படிப்பையல்ல, கையில் கிரீஸ் படாத படிப்பைத்தான் என்பது என் தாழ்மையான கருத்து.

ஆகவே சேலையூர் நண்பர்களே! வைவாவுக்கு மனப்பாடம் செய்வதோடு நிற்காமல், வாரம் ஒருமுறையாவது ஒரு பொருளைக் கழற்றி மாட்டுவோம். ஓட்டல் சர்வராக இருந்து பிரின்சிபால் நாற்காலிவரை உயர்ந்த அந்த மனிதருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுவே!