தலைக்கு ஆபத்து வந்து ஓடிய வக்கீல் கட்டிய பேய் பங்களா!

அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் உள்ள சின்ன ஊர் செயின்ட் பிரான்சிஸ்வில். அங்குள்ள மிர்டில்ஸ் பங்களா என்றாலே ஜனங்களுக்கு குலை நடுக்கம். அதைக் கட்டியவர் யார் தெரியுமா? சர்க்கார் வலைவீசித் தேடிய ஒரு வக்கீல்!

பெயர் டேவிட் பிராட்போர்டு. பென்சில்வேனியாவில் சர்க்கார் வக்கீலாக இருந்தவர். 1791-ல் சாராயத்துக்கு வரி போட்டதும் குடியானவர்கள் கொதித்தார்கள். 1794-ல் அவர்களுக்குத் தலைவராகி, ஆயிரக்கணக்கில் ஆள் திரட்டினார். ஜனாதிபதி வாஷிங்டன் சுமார் 13 ஆயிரம் பேர் கொண்ட படையை ஏவினார்.

ஓட்டம்

பெரும்பாலோருக்கு மன்னிப்பு கிடைத்தது. பிராட்போர்டுக்கு இல்லை. ஆற்று வழியாக நழுவி, அப்போது ஸ்பெயின் ஆண்ட பகுதிக்குள் புகுந்தார். அங்கே 1796-ல் எழும்பியதுதான் இந்தப் பங்களா. 1799-ல் ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ் மன்னித்தார். 1808-ல் பிராட்போர்டு காலமானார்.

விஷ கேக்

அவருடைய மகள் சாராவையும் பிள்ளைகளையும் குளோயி என்ற அடிமைப்பெண் கேக்கில் விஷம் வைத்துக் கொன்றாளாம். அவள் ஆவிதான் அலைகிறதாம். இது வெறும் கட்டுக்கதை! 1823-ல் சாராவைக் கொண்டுபோனது மஞ்சள் காய்ச்சல். குளோயி என்று ஒருத்தி இருந்ததற்கு அத்தாட்சியே இல்லை.

பங்களா இப்போது தங்கும் விடுதி. இல்லாத குளோயியைப் பார்க்க காசு கொடுத்து வருகிறார்கள். நிஜமாகவே அங்கு உழைத்துச் செத்த அடிமைகளைத்தான் கேட்பாரில்லை.