மன்னரின் மனநோயைத் தணித்த பாடகர்

ஸ்பெயின் மன்னர் ஐந்தாம் பிலிப்புக்கு விசித்திரமான நோய். மனம் நொறுங்கிப் போயிருந்தது. குளிக்க மாட்டார், சவரம் செய்துகொள்ள மாட்டார், அழுக்கு உடையை மாற்ற மாட்டார். பகலெல்லாம் படுக்கை. இரவில் தூக்கம் கிடையாது. ராஜ்ய காரியங்கள் அப்படியே நின்றன. வைத்தியர்கள் கைவிரித்துவிட்டார்கள்.

ராணி எலிசபெத் ஒரு பாடகரை வரவழைத்தார். அவர்தான் பாரினெல்லி!

குரலுக்குக் கொடுத்த விலை

1705-ல் இத்தாலியில் ஆந்திரியா என்ற ஊரில் பிறந்தவர். இயற்பெயர் கார்லோ புரோஸ்கி. பையன்களின் குரல் உடையாமல் இருப்பதற்காக ஆண்மையை நீக்கிவிடும் கொடிய வழக்கம் அக்காலத்தில் அங்கே இருந்தது. அதற்குப் பலியானவர்களில் இவரும் ஒருவர். ஒரே மூச்சில் ஒரு சுரத்தை மெல்ல எழுப்பி, வளர்த்து, மெல்ல அடக்குவதில் இவருக்கு நிகர் இல்லை. லண்டன் நகரமே இவர் பாட்டில் மயங்கிக் கிடந்தது.

அடுத்த அறையில் பாட்டு

1737-ல் பாரினெல்லி ஸ்பெயினுக்கு வந்தார். மன்னருக்கு அடுத்த அறையில் பாடினார். மன்னர் தலையைத் தூக்கிப் பார்த்தார். பாடகரை அழைத்து, என்ன பரிசு வேண்டும் என்று கேட்டார். எழுந்து சவரம் செய்து, உடை உடுத்தி, மந்திரி சபைக்குப் போக வேண்டும். அதுவே பரிசு என்றாராம் பாரினெல்லி. மன்னரும் எழுந்தார்!

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. பாட்டின் வேகம் குறையும்போது கேட்பவரின் மூச்சு நிதானப்படுகிறது. இதயத் துடிப்பும் சற்றுத் தணிகிறது. இன்றைய மருத்துவர்கள் அளந்து கண்டது இது. ராணிக்கு இந்தக் கணக்கு எங்கே தெரியும்?

ஆனால் நோய் அடியோடு போகவில்லை. சில இரவுகளில் மன்னர் தாமும் பாட முயன்று ஊளையிடுவாராம். பாரினெல்லி பொறுமையாக இரவுதோறும் பாடினார். அதே நான்கு பாட்டுகள்தாம் என்று ஒரு கதை உண்டு. அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் 32 வயதில் விட்ட பொது மேடையை அவர் மீண்டும் மிதிக்கவே இல்லை என்பது உண்மை.

மகனுக்கும் அதே நோய்

1746-ல் பிலிப் இறந்தார். மகன் ஆறாம் பெர்டினாண்டும், ராணி பார்பராவும் பாரினெல்லியைக் கண்ணாகப் போற்றினார்கள். 1758-ல் பார்பரா மறைந்ததும் பெர்டினாண்டுக்குச் சித்தம் கலங்கியது. மறு ஆண்டே இறந்தார்.

புதிய மன்னர் மூன்றாம் சார்லஸ், பாடகரை ஊருக்கு அனுப்பிவிட்டார். பொலோனியாவில் ஒரு வீடு. அதில் சில இசைக்கருவிகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஓவியரின் பெயர். 1782-ல் அங்கேயே காலமானார்.