ஸாண்டோஸ் டூமாண்டின் கைக்கடியாரம்

விலையுயர்ந்த பொருளைப் பெற்றவர்களில் பெரும்பாலோர் அதை உபயோகிப்பதைவிடப் பூட்டி வைப்பதையே விவேகம் என்று கருதுகிறார்கள். பாட்டனார் காலத்துக் கைக்கடியாரம் ஒன்று கைக்கு வந்தால், அது இரும்புப் பெட்டிக்குள் போய்விடுகிறது. கல்யாணம், பண்டிகை என்றால் ஒருநாள் வெளியே வருகிறது. அதைத் தினந்தோறும் கட்டிக்கொண்டு அலுவலுக்குச் செல்பவனைக் கண்டால், இப்படிப்பட்ட பொருளைப் பாழாக்கலாமா என்று நண்பர்கள் கடிந்துகொள்கிறார்கள். இவ்விஷயத்தில் அபிப்பிராயம் சொல்லுமுன், ஆண்மக்கள் கைக்கடியாரம் அணியும் வழக்கத்துக்கு முன்மாதிரியாக நின்றவர்களில் ஒருவருடைய சரித்திரத்தை நேயர்களுக்கு ஞாபகப்படுத்த விரும்புகிறோம். அவர்தாம் பிரேஸில் தேசத்து ஆகாய வீரர் ஆல்பெர்ட்டோ ஸாண்டோஸ் டூமாண்ட்.

அவர் 1873-ஆம் வருஷம் ஜூலை 20-ந் தேதி மினாஸ் ஜெரைஸ் மாகாணத்தில் பிறந்தார். தந்தையார் எஞ்சினீயர், பிற்பாடு பெரிய காப்பித் தோட்டங்களுக்கு அதிபதியானார். தோட்டத்துக்குள்ளேயே ரெயில் பாதை ஓடிற்று. பிள்ளை பன்னிரண்டு வயதிலேயே அந்த ரெயில் எஞ்சின்களை ஓட்டப் பழகினார். ஜூல்ஸ் வெர்னின் கதைகளைப் படித்து ஆகாய யாத்திரையைக் கனாக் கண்டார். தந்தையார் குதிரையிலிருந்து விழுந்து பக்கவாதத்தால் படுத்தபோது, மகனுக்குரிய பங்கைக் கொடுத்துப் பாரிஸ் நகருக்கு அனுப்பினார். கையில் செல்வமும் நெஞ்சில் ஆசையும் உள்ள வாலிபனுக்கு அந்நாளைய பாரிஸ் எத்தனையோ வழிகளைத் திறந்து வைத்திருந்தது. அவர் தேர்ந்துகொண்ட வழி ஆகாய வழி.

1898-இல் அவர் பிரேஸில் என்ற பெயருடைய மிகச் சிறிய பலூன் ஒன்றில் பறந்தார். பலூன் காற்று போன வழியே போவதன்றித் தன் இஷ்டப்படி போகாது. ஆகவே நீண்ட பலூனின் கீழே பெட்ரோல் எஞ்சினைத் தொங்கவிட்டு ஆகாயக் கப்பல்கள் செய்யலானார். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். சில மரத்தில் சிக்கின. சில மடிந்து விழுந்தன. அவர் சலிக்காமல் அடுத்ததைக் கட்டினார்.

அக்காலத்தில் ஹென்றி டாய்ச் என்ற தனவந்தர் லட்சம் பிராங்கு பரிசு ஒன்று ஏற்படுத்தியிருந்தார். ஸான் குளூ என்னுமிடத்திலிருந்து புறப்பட்டு, ஈபில் கோபுரத்தைச் சுற்றி, முப்பது நிமிஷத்துக்குள் திரும்பிவர வேண்டும் என்பது நிபந்தனை. 1901 ஆகஸ்டில் அவருடைய ஐந்தாம் எண் கப்பல் வாயு கசிந்து ஒரு ஹோட்டல் கட்டடத்தின் மீது மோதிற்று. அந்தரத்தில் தொங்கியவரைத் தீயணைக்கும் படையினர் கயிறு விட்டு மீட்டார்கள். மீண்டவர் ஆறாம் எண் கப்பலைக் கட்டி, அக்டோபர் 19-ந் தேதி மறுபடியும் கிளம்பினார். முப்பது நிமிஷத்துக்குச் சில விநாடிகள் இருக்கும்போதே எல்லைக்கு மேலே பறந்துவிட்டார். ஆனால் கீழே கயிற்றைப் பிடித்து நிறுத்துவதற்குள் முப்பது நிமிஷம் கடந்துவிட்டது. எதைக் கணக்கில் கொள்வது என்று நிர்வாகிகளுக்குள் விவாதம் மூண்டது. ஜனங்களின் அபிப்பிராயம் அவர் பக்கமே நின்றது. சில தினங்களில் பரிசும் கிடைத்தது. பெற்ற பணத்தை அவர் தம்மிடம் வைத்துக்கொள்ளவில்லை. தம் தொழிலாளருக்கும் பாரிஸ் நகரத்து ஏழைகளுக்கும் பகிர்ந்தளித்தார். கைத்தொழிலாளர் அடகு வைத்திருந்த கருவிகள் அப்பணத்தால் மீண்டு வந்தன.

கைக்கடியாரத்தின் கதை இங்கேதான் பிறக்கிறது. அக்காலத்தில் ஆண்மக்கள் கடியாரத்தைச் சங்கிலியில் கோத்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார்கள். மணிக்கட்டில் கட்டுவது பெரும்பாலும் ஸ்திரீகளின் ஆபரணம். போயர் யுத்தத்தில் சில சிப்பாய்கள் பைக்கடியாரத்தைத் தோல்வாரில் வைத்துக் கட்டியதுண்டு. எனினும் நாகரிக சமூகம் அதை ஏற்கவில்லை. ஆகாயக் கப்பலிலோ இரு கைகளுக்கும் ஓயாத வேலை. பையைத் துழாவிக் கடியாரத்தை எடுக்க அவகாசம் ஏது? இக்குறையை ஸாண்டோஸ் டூமாண்ட் தம் நண்பர் லூயி கார்ட்டியேயிடம் எடுத்துரைத்தார். பரிசு கிடைத்த அன்றிரவு விருந்திலேயே இப்பேச்சு நடந்ததாகக் கதை வழங்குகிறது. கடியாரம் பிறந்த வருஷமாகக் குறிக்கப்படுவதோ 1904. அதே வருஷத்தில் கார்ட்டியே கடை இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்டின் நியமனம் பெற்ற நகைக்கடையாயிற்று. அத்தகைய கடையிலிருந்து வந்த அக்கடியாரம் சதுர முகமும், வெளியே தெரியும் திருகாணிகளும், தோல்வாரும் கொண்டது. 1911-இல் அதே மாதிரி, அவர் பெயராலேயே பொது ஜனங்களுக்கும் விற்பனைக்கு வந்தது.

நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. மன்னர்களுக்கு நகை செய்யும் கடையின் வேலைப்பாட்டை அவர் கண்ணாடிப் பெட்டிக்கு அனுப்பவில்லை. பெட்ரோல் புகைக்கும் எஞ்சின் அதிர்ச்சிக்கும் நடுவே உழைக்கும் கைக்காகவே அதைச் செய்யச் சொன்னார். அவருடைய ஆகாயக் கப்பல்களும் அப்படியே. 1903-இல் ஒன்பதாம் எண் கப்பலில் பாரிஸ் வீதிக்கு மேலே மிதந்து வந்து, தம் வீட்டு வாசலிலேயே இறங்கிக் காப்பி அருந்திவிட்டுப் போனார். அருமையான பொருளுக்கும் அன்றாட வாழ்க்கைக்கும் நடுவே அவர் வேலி கட்டவில்லை.

1906 நவம்பர் 12-ந் தேதி, பாகடேல் மைதானத்தில் ஜனத்திரளின் முன்னிலையில், தம் விமானத்தில் 220 மீட்டர் தூரம் பறந்தார். ரைட் சகோதரர்கள் 1903-லேயே பறந்துவிட்டார்கள் என்பது உண்மை. ஆயினும் ஐரோப்பிய ஜனங்கள் கண்ணாரக் கண்டது இவரைத்தான். பின்னர் டெமாய்ஸெல் என்ற சிறு விமானத்தைச் செய்தபோது, அதற்குத் தனியுரிமை கோராமல், படங்களை யாவரும் எடுத்து உபயோகிக்க விட்டுவிட்டார்.

1910-இல் நோய் அவரைத் தரையிறக்கிற்று. பிறகு வந்தது மகா யுத்தம். அந்த யுத்தத்தில் அவர் நேசித்த இரண்டு பொருள்களும் சேனையில் சேர்ந்தன. விமானம் குண்டு வீசிற்று. கைக்கடியாரம் அகழிகளில் இருந்த அதிகாரிகளின் மணிக்கட்டில் ஏறி, குறித்த விநாடியில் ஆயிரக்கணக்கானோரைச் சாவுக்குள் பாயச் செய்தது. அதன் பின்னரே அது ஆண்மக்களின் சாதாரண அணியாயிற்று. 1926-இல் அவர் ஆகாய மார்க்கமாக யுத்தம் செய்வதைத் தடுக்கும்படி சர்வதேச சங்கத்துக்கு விண்ணப்பித்தார், பயனில்லை. 1928-இல் தாய்நாடு திரும்பிய அவரை வரவேற்கக் கிளம்பிய விமானம் ரியோ துறைமுகத்தில் விழுந்து, அதிலிருந்தோர் அனைவரும் மாண்டனர். 1932-இல் பிரேஸிலில் உள்நாட்டுக் கலகம் மூண்டு, சகோதரர் மீது சகோதரர் விமானத்திலிருந்து குண்டு வீசினர். ஜூலை 23-ந் தேதி, குவாருஜா என்னும் கடற்கரை ஊரில், ஐம்பத்தொன்பதாம் வயதில் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

இச்சரித்திரத்தின் படிப்பினை யாது? பழைய கடியாரத்தைப் பூட்டி வைப்பதனால் அது சாசுவதமாகிவிடாது. ஓடாமல் கிடந்தாலும் அதன் எண்ணெய் காலப்போக்கில் தடித்துப் போகிறது. தினந்தோறும் சாவி கொடுத்து, நீரும் அடியும் படாமல் காத்து, சில வருஷங்களுக்கொருமுறை தேர்ந்த தொழிலாளியிடம் கொடுத்துச் சுத்தம் செய்தால், மூன்று தலைமுறை உழைக்கும் பொருள் அது. ஆகையால் அதை அணிபவனைப் பழிப்பது நியாயமன்று. தேய்மானத்துக்கு அஞ்சி வாழ்க்கையைத் தள்ளி வைப்பது கருவியை அவமதிப்பதாகும்.

ஆனால் உபயோகிப்பது மட்டும் போதாது. எதற்கு உபயோகிக்கிறோம் என்ற கேள்வியும் உண்டு. அதே முள் ஒருவனை ஆகாயத்தில் வழிநடத்திற்று. அதே முள் பதினாயிரம் பேரைப் பலிக்களத்துக்கு அழைத்தது. முள்ளின் மீது குற்றமில்லை. அடகில் கிடந்த கருவிகளைத் தொழிலாளியின் கையில் மீட்டுக் கொடுத்த அந்த உத்தமர், கருவி எந்தக் கையில், எந்த வேலைக்காக இருக்க வேண்டும் என்பதைத் தம் செயலால் காட்டிச் சென்றார். மூதாதையர் விட்டுச் சென்ற கடியாரத்தை மணிக்கட்டில் கட்டுகிறவர்கள் மணி பார்க்கும்போதெல்லாம் இதையும் நினைப்பார்களாக.