உல்ப்காங் பௌலி

வியன்னா நகரிலே 1900-ஆம் ஆண்டு ஏப்பிரல் 25-ஆம் நாள் பிறந்தவர் உல்ப்காங் பௌலி. பள்ளிப் பருவத்திலேயே ஐன்ஸ்டைனின் சார்பியற் கொள்கையைக் கற்றுத் தேர்ந்த இவர், மியூனிக்கில் சாமர்பெல்டு என்னும் பேராசிரியரிடம் பயின்று 1921-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அவ்வாண்டே அக்கொள்கையைப்பற்றி ஒரு கலைக்களஞ்சியத்துக்கு இவர் வரைந்த நீண்ட கட்டுரையை ஐன்ஸ்டைனே வியந்து பாராட்டினார். அப்போது இவருக்கு வயது 21. நம் வகுப்புக்களில் அவ்வயதினர் பலர் உளர் என்பதை எண்ணுங்கால் நமக்குச் சிறிது நாணம் உண்டாகின்றது.

நிற்க. அணுவினுள் எலெக்ட்ரான் என்னும் மின்னணுக்கள் தாம் விரும்பிய ஆற்றலோடு திரிவன அல்ல. ஒவ்வொன்றின் நிலையையும் அறிவிக்கக் குவாண்டம் எண்கள் உள. 1913-இல் டென்மார்க்கு நாட்டறிஞர் நீல்ஸ் போர் முதலெண்ணை வகுத்தார். ஐதரசனில் ஆற்றலை ஒப்பிட அவ்வெண் ஒன்றே ஏறக்குறையப் போதும். முதலெண் 1 ஆயின் மின்னணுவைப் பிரித்தெடுக்க 13.6 எலெக்ட்ரான் வோல்ட்டு வேண்டும். 2 ஆயின் அதில் நாலிலொரு பங்கு. 3 ஆயின் ஒன்பதிலொரு பங்கு. மின்னணுக்கள் பல கூடிய அணுவிலோ துணையெண்ணையும் நோக்கல் வேண்டும். பொட்டாசியத்தின் பத்தொன்பதாம் மின்னணு, முதலெண் 3-ம் துணையெண் 2-ம் உடைய நிலை வெறுமையாய் இருக்கவும், அதை விடுத்து முதலெண் 4-ம் துணையெண் 0-ம் உடைய நிலையை அடைகின்றது. துணையெண் சுழியாகிய மின்னணு கருவை மிக நெருங்கிச் செல்வதால் ஈர்ப்பு மிகுந்து அதன் ஆற்றல் தாழ்கின்றது. இரண்டெண்களின் தொகை குறைந்த நிலையே முன் நிரம்பும் என்று கொண்டால் பெரும்பாலும் பிழைபடாது.

ஆயினும் பெரியதொரு வினா எஞ்சி நின்றது. நீர் பள்ளத்தை நாடுவதுபோல மின்னணுக்கள் எல்லாம் ஆற்றல் மிகக் குறைந்த முதல் நிலைக்கே வந்து விழாதது ஏன்? விழுமாயின் உப்பு ஏது, இரும்பு ஏது, நாம் ஏது? அடுக்குகள் 2, 8, 18, 32 என நிரம்புவதற்குத்தான் காரணம் என்ன? 1925-இல் ஆம்பர்க்கு நகரில் பணியாற்றிய பௌலி விடை கண்டார். அதுவரை அறிந்த மூன்றெண்கள் போதா. இரண்டே மதிப்புடைய நான்காம் எண் ஒன்று வேண்டும். நான்கும் ஒத்த மின்னணுக்கள் இரண்டு ஓரணுவில் இரா. தமிழ் பயிலும் நாம் திணை, பால், எண், இடம் என்று சொல்லை வரையறுக்கின்றோம். அந்நான்கும் ஒத்த சொற்கள் மொழியில் எண்ணில. அணுவிலோ அதற்கு இடமில்லை.

அவ்வாண்டின் தொடக்கத்தில், மின்னணு தன்னைத்தானே சுழல்வதே நான்காம் எண்ணின் பொருள் என்று குரோனிக் என்னும் இளைஞர் கூற, இயற்கைக்கு ஒவ்வாதெனப் பௌலி ஒதுக்கிவிட்டார். இளைஞர் அதனை வெளியிடாது விடுத்தார். சில திங்களில் ஒல்லாந்தர் இருவர் அதே கருத்தை வெளியிட்டுப் புகழெய்தினர். பௌலியின் அறிவை வணங்கும் நாம் அவர்தம் நாவை வணங்குவதற்கில்லை. பின்னர் அவரும் அக்கருத்தை ஏற்று, 1927-இல் அதற்குரிய கணிதத்தைத் தாமே அமைத்தார்.

1928 முதல் சூரிச்சில் பேராசிரியராய் விளங்கினார். 1945-இல் நோபெல் பரிசு பெற்றார். 1958 டிசம்பரில் நோயுற்று அந்நகர மருத்துவமனையொன்றில் சேர்ந்தபோது இவருக்கு வாய்த்த அறையின் எண் 137. தம் ஆசிரியர் சாமர்பெல்டு அணுநூலிற் புகுத்திய மாறிலி ஒன்றின் தலைகீழ் மதிப்பு ஏறத்தாழ அதுவே. அவ்வெண்ணின் காரணத்தை நெடுங்காலம் தேடியும் காணாத பௌலி, அறைக்கதவில் அதனைக் கண்டு மனங்கலங்கினார். அம்மாதம் 15-ஆம் நாள் அங்கேயே உயிர்நீத்தார்.