ஸ்வாந்தே அர்ஹீனியஸ்

மார்கழித் திங்களில் விடியற்காலையில் எழுந்து வெளியே வந்து பார்த்திருக்கிறீர்களா? வானம் தெளிந்து விண்மீன்கள் பளிச்சிட்ட இரவின் முடிவில் புல் நுனியெல்லாம் பனித்துளி நிறைந்திருக்கும். குளிர் உடலை நடுக்கும். மேகம் கவிந்த இரவிலோ பனி அவ்வளவாகப் பெய்யாது. சில வேளைகளில் புழுக்கமே மிகும். இரண்டு இரவுகளிலும் ஞாயிறு வானில் இல்லை. அவ்வாறிருக்க இவ்வேறுபாடு ஏன்? பகலெல்லாம் வெயில் உண்ட நிலம், இரவில் அவ்வெப்பத்தைக் கண்ணுக்குப் புலனாகாத கதிர்களாக வானை நோக்கி விட்டுக்கொண்டே இருக்கிறது. மேகம் இருப்பின் அது அக்கதிர்களை ஏற்று, ஒரு பகுதியை நிலத்துக்கே திருப்பி அனுப்புகிறது. மேகமில்லாத நாளிலும், காற்றிலே கலந்துள்ள நீராவியும் கரியமில வாயுவும் ஓயாமல் இத்தொழிலைச் செய்து வருகின்றன. அவ்வாயு கூடினால் உலகின் வெப்பம் எவ்வளவு கூடும் என்பதை முதன்முதலில் விரிவாகக் கணக்கிட்டவர் ஸ்வாந்தே அர்ஹீனியஸ் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர். அமிலம், காரம் பற்றிய வேதியியல் பாடத்தில் மாணவர்கள் காணும் அர்ஹீனியஸ் இவரே.

இவர் 1859ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் உப்சாலா நகருக்கு அருகே வீக் என்னும் இடத்தில் பிறந்தார். தந்தையார் நில அளவைத் தொழில் புரிந்தவர். குழந்தை மூன்று வயதிலேயே பிறர் கற்பிக்காமல் தானே எழுத்துக்களைக் கூட்டிப் படிக்கத் தொடங்கியது. தந்தையார் எழுதும் கணக்கேடுகளை அருகிருந்து உற்று நோக்கி எண்களைக் கூட்டவும் பழகிக்கொண்டது. இந்த எண் பழக்கம் பிற்காலத்தில் எத்துணைப் பயன்பட்டது என்பதைப் பின்னர்க் காண்போம்.

உப்சாலாப் பல்கலைக் கழகத்தில் பயின்ற அர்ஹீனியஸுக்கு அங்கிருந்த ஆசிரியர்களின் போதனை நிறைவளிக்கவில்லை. 1881இல் தலைநகராகிய ஸ்டாக்ஹோமுக்குச் சென்று, எட்லண்டு என்னும் அறிஞரின் ஆய்வுக்கூடத்தில் அமர்ந்தார். உப்பு கரைந்த நீரில் மின்சாரம் பாய்வது எங்ஙனம் என்பதே அவர் ஆராய்ந்த பொருள். 1884இல் அவ்வாராய்ச்சியை நூலாக எழுதி, டாக்டர் பட்டத்திற்காக உப்சாலாவில் அளித்தார். பேராசிரியர்கள் அதனை மதிக்கவில்லை. நான்காம் தரம் என்று முடிவு செய்தனர். அவர் அவையில் நின்று வாதாடிய பின்னர் மூன்றாம் தரம் என உயர்த்தினர். பட்டம் கிடைத்தது, ஆனால், இத்தகைய தரம் பெற்றவருக்குப் பல்கலைக் கழகத்தில் ஆசிரியப் பணி கிடைப்பது அரிது.

சொந்த ஊர் தள்ளிய நூலை அர்ஹீனியஸ் வெளிநாட்டு அறிஞர்களுக்கு அனுப்பி வைத்தார். ரீகா நகரிலிருந்த ஆஸ்ட்வால்டு அதனைப் படித்து வியந்து, அதே ஆண்டில் உப்சாலாவுக்கு நேரிலேயே வந்து, தம் ஊரில் பணி தர முன்வந்தார். அயலார் வந்து அழைத்த பிறகுதான் உப்சாலாவின் மனம் சிறிது இளகியது. அங்கேயே ஒரு பதவி கிடைத்தது. உப்புகள் நீரில் கரையும்போதே மின்னூட்டம் பெற்ற அயனிகளாகப் பிரிகின்றன என்னும் அவரது கொள்கை 1887இல் முழு வடிவம் பெற்றது. முன்பு மூன்றாம் தரம் என ஒதுக்கப்பட்ட அந்த ஆராய்ச்சியே அவருக்கு 1903ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசைத் தேடித்தந்தது. சுவீடன் நாட்டவருள் நோபெல் பரிசு பெற்ற முதல்வர் அவரே.

நாம் எடுத்துக்கொண்ட செய்தி இதற்குச் சில ஆண்டுகள் முற்பட்டது. 1891 முதல் ஸ்டாக்ஹோமில் பணியாற்றிய அர்ஹீனியஸ், அந்நகரின் பௌதிகக் கழகத்துக் கூட்டங்களில் தவறாது கலந்துகொள்வார். ஒரு காலத்தில் ஐரோப்பாவின் வடபகுதி முழுவதும் பனிப்பாறைகள் மூடிக் கிடந்தது எதனால் என்பது அங்கே நிகழ்ந்த பெரிய வாதம். கரியமில வாயு குறைந்ததால் உலகம் குளிர்ந்திருக்கலாமோ என்று அவர் ஐயுற்றார். வளி மண்டலம் வெப்பத்தைத் தடுத்து வைக்கிறது என்பதைப் பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே 1824இலேயே எடுத்துரைத்திருந்தார். 1856இல் யூனிஸ் ஃபூட் என்னும் அமெரிக்கப் பெண்மணி, கண்ணாடிக் குழாய்களில் பல வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்து, கரியமில வாயு அடைத்த குழாயே மிகுதியாகச் சூடேறுவதைக் கண்டார். 1859இல், அதாவது அர்ஹீனியஸ் பிறந்த அதே ஆண்டில், டிண்டால் என்னும் அறிஞர் லண்டனில் வெப்பக் கதிர்களை வைத்துச் சோதனை செய்தார். காற்றின் பெரும்பகுதியான நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் அக்கதிர்களைத் தடையின்றி விட்டுவிடுவதையும், சிறுபகுதியான நீராவியும் கரியமில வாயுவுமே அவற்றை ஏற்றுக்கொள்வதையும் அவர் மெய்ப்பித்தார்.

இதனைக் கண்ணாடி வீட்டுக்கு ஒப்பிடுவது வழக்கம். ஒப்புமை முற்றும் பொருந்தாது. கண்ணாடி வீடு, சூடேறிய காற்று வெளியேறாமல் அடைத்து வைப்பதனாலேயே பெரிதும் சூடாகிறது. வளி மண்டலமோ கதிர்களை ஏற்றுத் திருப்புவதனால் சூடாகிறது. இவ்வாயுக்கள் அடியோடு இல்லையெனில் பூமியின் சராசரி வெப்பநிலை நீர் உறையும் நிலைக்கும் கீழே 18 பாகை அளவுக்கு இறங்கிவிடும்.

1894ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்திய நாளன்று அர்ஹீனியஸ் கணக்கைத் தொடங்கினார். கணிப்பொறி இல்லாத காலம்; எழுதுகோலும் தாளுமே கருவிகள். அமெரிக்க வானநூலார் லாங்லி, நிலவிலிருந்து வரும் வெப்பத்தை அளந்து வெளியிட்டிருந்தார். நிலவு உச்சியில் இருக்கையில் அதன் கதிர் சிறிதளவு காற்றையே கடக்கிறது. அடிவானில் இருக்கையில் மிகுதியான காற்றைக் கடந்து வருகிறது. இவ்விரண்டையும் ஒப்பிட்டு, காற்று எவ்வளவு வெப்பத்தை உண்கிறது என அவர் அறிந்தார். பின்னர்ப் பூமியைப் பத்துப் பத்துப் பாகையாகப் பகுத்து, ஒவ்வொரு பகுதிக்கும், ஒவ்வொரு பருவத்துக்கும் தனித்தனியே கணக்கிட்டார். வெப்பம் ஏறினால் காற்றில் நீராவி மிகும். நீராவி மிகுந்தால் மேலும் வெப்பம் ஏறும் என்பதையும் அவர் விட்டுவிடவில்லை. இவ்வாறு ஓராண்டு கழிந்தது. அவ்வாண்டுகளில் அவர் இல்வாழ்க்கையும் குலைந்தது. 1894இல் மணந்த சோஃபியா, ஆண் குழந்தை ஒன்று பிறந்த சில காலத்தில் அவரை விட்டு நிலையாகப் பிரிந்தார். எண்களை எழுதி எழுதி அடித்த அந்த நீண்ட இரவுகளில் அவர் துயரத்துக்கும் ஓர் இடம் இருந்திருக்கும்.

1896இல் முடிவு வெளியாயிற்று. கரியமில வாயு இருமடங்கானால் உலகம் 5 அல்லது 6 பாகை சூடேறும். பாதியானால் ஏறத்தாழ அந்த அளவு குளிரும். துருவப் பகுதிகளே மிகுதியாக மாறும். இக்கால அறிஞர்கள் பெருங்கணிப்பொறிகளைக் கொண்டு கண்ட அளவு சுமார் 3 பாகை. தாளும் எழுதுகோலும் கொண்டு எழுதிய கணக்கு இவ்வளவு நெருங்கியது வியப்புக்குரியதே.

அக்காலத்தில் உலகம் எரித்த நிலக்கரி ஆண்டுக்கு ஏறத்தாழ 50 கோடி டன் என்று அவர் நண்பர் ஹோக்போம் மதிப்பிட்டார். அவ்வளவில் வாயு இருமடங்காக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் செல்லும் என அர்ஹீனியஸ் எண்ணினார். அவ்வாறு சூடேறுவதும் நன்மையே, குளிர் நாடுகளில் விளைச்சல் பெருகும் என்று நம்பினார். பனியில் வாழ்ந்தவருக்கு வெப்பம் இனிதாகத் தோன்றியதில் வியப்பில்லை. வெப்ப நாட்டு உழவனைக் கேட்டிருந்தால் வேறு விடை கிடைத்திருக்கும். அவர் பிழை செய்த இடம் இதுவே. நிலக்கரி எரிப்பு அந்த அளவில் நிற்கவில்லை. 2023இல் அது 800 கோடி டன்னைக் கடந்துவிட்டது.

1900ஆம் ஆண்டில் அவர் நாட்டவரான ஆங்ஸ்ட்ரோம், இருக்கும் வாயுவே ஏற்கத்தக்க கதிர்களையெல்லாம் ஏற்றுவிடுகிறது, மேலும் சேர்ப்பதால் மாற்றமில்லை என மறுத்துரைத்தார். பலரும் அதனையே நம்பினர். மிக உயரத்திலுள்ள அடர்த்தி குறைந்த காற்றில் வாயு கூடுவதே வெப்பத்தைத் தடுக்கும் என்பது பின்னரே தெளிவாயிற்று. அர்ஹீனியஸ் 1905 முதல் நோபெல் பௌதிக வேதியியல் நிலையத்தின் தலைவராக விளங்கி, 1927 அக்டோபர் 2ஆம் நாள் ஸ்டாக்ஹோமில் காலமானார். முன்பு அவரைத் தாழ்த்திய உப்சாலாவிலேயே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

1938இல் காலெண்டர் என்னும் ஆங்கிலப் பொறியாளர், பல நாட்டு வானிலைக் குறிப்புகளைத் தொகுத்து உலகம் சூடேறி வருவதைக் காட்டினார். 1958இல் கீலிங் என்னும் அமெரிக்க இளைஞர் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலைமீது கருவி அமைத்து, கரியமில வாயுவை நாள்தோறும் அளக்கத் தொடங்கினார். அப்போது பத்து லட்சம் பங்கு காற்றில் 315 பங்கு இருந்தது. 2024இல் அது 420ஐக் கடந்தது. அர்ஹீனியஸ் தம் கணக்கில் பதினாயிரத்துக்கு மூன்று பங்கு என எழுதிய இடத்தில், இன்று அதே கணக்கைச் செய்பவர் நான்குக்கு மேல் எழுத வேண்டியிருக்கிறது.